மலை நடை பழகியவர்கள் பாலைக்குப் போனால்: வாசகர் கேள்விகள்

டிசம்பர், ஜனவரியில் தார் பாலைவனத்தில் நடக்கப் போகும் நீலகிரி வாசகர்களின் கேள்விகள் இவை. நம் மலையில் மழையும் மட்கும் மண்ணும் நாம் விட்டுப் போனதைப் பெரும்பாலும் கரைத்துவிடும். அங்கே போட்டது போட்டபடி கிடக்கும். அதனால் இங்கே சரியாக இருக்கும் சில பழக்கங்களை அங்கே மாற்றியே ஆக வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர். சாம் மணல்மேட்டுக் கூட்டம் வேண்டாம். எங்கே நடக்கலாம்? (கோத்தகிரி)

ஜெய்சல்மருக்கு மேற்கே 40 கி.மீ.யில் இருக்கும் சாம் மணல்மேட்டை மட்டுமல்ல, குரி மணல்மேட்டையும் விட்டுவிடுங்கள். ஜீப் சத்தம் இரண்டிலும் உண்டு. ‘டாணி’ என்ற சிறு குடியிருப்புகளையும் ‘ஓரண்’ என்ற கோயில்காடுகளையும் இணைக்கும் ஒட்டகத் தடங்களில், உள்ளூர் வழிகாட்டியோடு நடங்கள். ஓரணில் பச்சைக் கிளையை ஒடிக்கக் கூடாது. ஐந்து பேர் என்பது நல்ல அளவு, ஆள் சேர்க்காதீர்கள். மணல் நகராத இடங்களில் தரைமேல் கறுத்த மெல்லிய பொருக்கு படிந்திருக்கும். நுண்ணுயிர்கள் கட்டிய அந்தப் பொருக்குதான் மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைக்கிறது. ஒரு மிதியில் உடைந்துவிடும், மறுபடி உருவாகப் பல வருடமாகும். தடத்தை விட்டு விலக வேண்டியிருந்தால் வெறும் மணலிலோ சரளையிலோ கால் வையுங்கள்.

எல்லையோரப் பகுதிகளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? ஊர்த் தொட்டியில் எடுத்துக்கொள்ளலாமா? (குன்னூர்)

குளிர்காலத்தில் ஒரு நாளைக்குக் குடிக்க 4 லிட்டர், சமையலுக்கும் மற்றதற்கும் 2 லிட்டர். ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 90 லிட்டர், அதாவது 90 கிலோ. முதுகில் சுமக்க முடியாது, ஒட்டகம் பேசிக்கொள்ளுங்கள். 20 லிட்டர் கேனாக ஐந்து எடுங்கள். ஒன்று ஒழுகினாலும் மீதி இருக்கும்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது. ஜெய்சல்மருக்கு அது ஏறக்குறைய நான்கு வருட மழை. ‘டாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டியில் ஒரு குடும்பம் சேமிப்பது அந்தக் கொஞ்ச மழையைத்தான். கேட்காமல் ஒரு சொம்பும் எடுக்காதீர்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். தொட்டியைச் சுற்றி மெழுகியது போன்ற சமதரை இருக்கும். பெயர் ‘ஆகோர்’. டென்ட் போடத் தோதான காலி இடம் என்று தோன்றும். மழைநீர் ஓடித் தொட்டியில் விழுவதே அந்தத் தரை வழியாகத்தான். செருப்புக் காலோடு ஏறினாலே குடிதண்ணீர் கெடும்.

பாத்திரத்தை உலர்ந்த மணலால் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். சோப்பு வேண்டாம்.

காட்டில் ஒரு சாண் குழி தோண்டி மலத்தைப் புதைப்போம். மணலிலும் அப்படியேவா? (ஊட்டி)

ஆழத்தைக் குறையுங்கள். சோலை மண்ணில் ஈரமும் நுண்ணுயிரும் நிறைய உண்டு, புதைத்தது சீக்கிரம் மட்கிவிடும். பாலையில் அது குறைவு, மேல்மண்ணின் வெயில் சூடுதான் உதவி. 10 முதல் 15 செ.மீ. போதும். வெயில் விழும் கெட்டித் தரையாகப் பாருங்கள். நகரும் மணல்மேட்டில் புதைத்தால் காற்று சீக்கிரமே வெளியே கொண்டுவந்துவிடும். பாதை, கூடாரம், தொட்டி எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போங்கள். ஆகோர் இருக்கும் பக்கமே வேண்டாம். காகிதமும் நாப்கினும் ஜிப் பையில் உங்களோடே திரும்பி வரட்டும். எரிக்கப் பார்த்தால் பாதி வெந்து காற்றில் பறக்கும், காய்ந்த புல்லிலும் தீப்பிடிக்கும்.

சமையலுக்கு எது? (குன்னூர்)

கேஸ் கேனிஸ்டரை விமானத்திலோ ரயிலிலோ கொண்டுபோக முடியாது. டாணிகளில் வறட்டியைக் காசு கொடுத்து வாங்குங்கள். அங்கும் சீமைக்கருவேலம் பரவிக் கிடக்கிறது. அதன் காய்ந்த விறகை எரிப்பதில் தவறில்லை, முள்ளை மட்டும் பாருங்கள். தொடக் கூடாதவை இரண்டு. ஒன்று ‘கேஜ்ரி’, நம் வன்னி மரம். 1730இல் கேஜர்லி கிராமத்தில் இதை வெட்டவிடாமல் 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டார்கள். இன்னொன்று ‘போக்’ புதர். மணலைப் பிடித்துவைப்பது அதன் வேர், ஆனால் அந்த வேரைத் தோண்டித்தான் கரியாக்குகிறார்கள்.

தரையில் அடுப்பு மூட்டாதீர்கள், கரிந்த வட்டம் நெடுநாள் நிற்கும். தகரத் தட்டில் மூன்று விரல் உயரம் மணல் பரப்பி அதன்மேல் மூட்டுங்கள். ஆறிய சாம்பலை டப்பாவில் எடுத்து வாருங்கள்.

டென்ட் ஆணி மணலில் நிற்குமா? (குந்தா)

நிற்காது. சிறு துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை நடுவில் கட்டி, ஒரு அடி ஆழத்தில் படுக்கைவாட்டில் புதைத்து மிதித்துவிடுங்கள். போகும்போது மணலைக் கொட்டிவிட்டுப் பையை மடித்துக்கொள்ளலாம். மேட்டின் உச்சியில் காற்று பிய்த்துவிடும். பள்ளத்திலும் வேண்டாம். தலைகுந்தாவில் உறைபனி பள்ளத்தில் படிவதற்கு என்ன காரணமோ அதேதான் அங்கும்: குளிர்ந்த காற்று கனமானது, இரவில் கீழே வழிந்து தேங்கும். சரிவின் நடுவில், காற்று மறைவில் போடுங்கள். காலையில் ஷூவை உதறிவிட்டே மாட்டுங்கள், தேள் உண்டு. சுருட்டை விரியன் இரவில் திரியும் பாம்பு, இருட்டியபின் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள்.

இதையெல்லாம் முக்குருத்தியில் ஒரு இரவு தங்கிப் பழகலாமா? (ஊட்டி)

கூடாது. அது தேசியப் பூங்கா. 2018 மார்ச் குரங்கணித் தீக்குப்பின் வந்த விதிகளின்படி காட்டில் நடக்கவே வனத்துறை அனுமதி வேண்டும். டென்ட் கட்டுவதை வீட்டு முற்றத்தில் பழகுங்கள்.

மிச்சச் சோற்றை ஒட்டகத்துக்கோ நாய்க்கோ போடலாமா? (கோத்தகிரி)

வேண்டாம். மிச்சம் கிடந்தால் தெருநாய்கள் கூடும். தரையில் முட்டையிடும் கானமயிலுக்கும் சிங்காரா மானுக்கும் அங்கே அந்த நாய்களும் பெரிய ஆபத்து. ஆளுக்கு ஒரு கை அரிசியைக் குறைத்துப் போட்டுச் சமையுங்கள். மீந்ததை மூடியுள்ள டப்பாவில் போட்டு ஜெய்சல்மர் வரை கொண்டுவந்துவிடுங்கள்.