வேட்டைப் பருவத்துக்கு முன் விலை குறைந்த ரைபிள் ஸ்கோப்பை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

கேட்டவர் டெக்சாஸில் வசிக்கிறார். நவம்பர் முதல் சனிக்கிழமை அங்கே மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. மலிவாக வாங்கிய 3-9×40 ஸ்கோப்பை (ரைபிள் மேல் பூட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கி; 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 40 மி.மீ.) நம்பிக் காட்டுக்குப் போகலாமா, தோட்டாக்களை அதிகம் வீணாக்காமல் அதைச் சோதிக்க வழி உண்டா என்பது அவர் கேள்வி.

நான் மதுரைக்காரன், வேட்டையாடியவன் அல்லன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் இங்கே வேட்டைப் பருவம் என்று ஒன்று கிடையாது. தோப்புக்குள் வந்து மிளகாய்ச் செடியைக் கொத்தும் மயிலைக்கூடக் கைதட்டித்தான் விரட்டுகிறோம். ஆனால் அழகர்கோவில் பக்கம் உள்ள எங்கள் மாந்தோப்பில், உரிமம் தேவைப்படாத 4.5 மி.மீ. ஏர் ரைபிளால் தகர டப்பாக்களைச் சுடும் பழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. அதில் மலிவு ஸ்கோப் ஒன்றிடம் ஏமாந்ததால் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கடையில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். ஸ்கோப்பின் யோக்கியதை, குறியைச் சரிசெய்யும் திருகைத் திருகினால் உள்ளே தெரியும் குறுக்குக்கோடு சொன்ன அளவு நகர்கிறதா, திருப்பினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறதா என்பதில் இருக்கிறது. இதைப் பார்க்க ஒரு தோட்டாவும் வேண்டாம், ரைபிளே வேண்டாம்.

நான் செய்தது இது. தச்சுப் பட்டறை வைஸ் ஒன்றைக் கனமான மேசையில் முடுக்கி, பழைய சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிய ஸ்கோப்பை நசுங்காத அளவுக்கு அதில் பிடிக்க வைத்தேன். சரியாக 25 மீட்டர் தள்ளி, மோட்டார் அறைச் சுவரில் சார்ட் தாள் ஒன்றை ஒட்டி, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலின் நேரே கோடு கிழித்து, அதில் மில்லிமீட்டர் அளவுகளைக் குறித்தேன். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் (திருகு 'டிக்' என்று நகரும் ஒரு படி) என்பது 100 கஜத்தில் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். 25 மீட்டரில் அது ஏறக்குறைய 1.8 மி.மீ. ஆகவே 40 கிளிக் திருகினால் குறுக்குக்கோடு 73 மி.மீ. நகர வேண்டும். (மேல்நோக்கித் திருகினால் கோடு தாளில் கீழே இறங்கும், அதுதான் சரி, பதற வேண்டாம்.) ஏழு மணிக்குள் இதை முடித்துவிடுவது நல்லது, வெயில் ஏறிவிட்டால் எங்கள் ஊரில் தரையிலிருந்து கானல் எழுந்து கோடெல்லாம் நெளியும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. சாதாரண ரைபிள் ஸ்கோப்புகளில் இடமாறு தோற்றம் 100 கஜத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும் என்பதால், 25 மீட்டரில் தலையைச் சற்று அசைத்தாலே குறுக்குக்கோடு இடம் மாறுவதுபோல் தோன்றும். கண் வைக்கும் பக்கத்தில், நடுவில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டிவிட்டால் கண் ஒரே இடத்தில் நிற்கும்.

என்னுடைய ஸ்கோப் 40 கிளிக்குக்கு 61 மி.மீ.தான் நகர்ந்தது. அதைக்கூட மன்னித்திருப்பேன். 40 கிளிக் திருப்பிய பிறகு அது பழைய கோட்டுக்கு 9 மி.மீ. முன்பாகவே நின்றுவிட்டது, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் குழாயை லேசாகத் தட்டியதும் என் கண்ணெதிரே மெல்ல நகர்ந்து கோட்டில் வந்து உட்கார்ந்தது. உள்ளே இருக்கும் சிறு குழாயைத் திருகு ஒரு பக்கம் தள்ள, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் தாங்க வேண்டும். அந்த ஸ்பிரிங் வலுவற்றதாக இருந்தால் குழாய் சிக்கி நிற்கும், அடுத்த அதிர்ச்சியில்தான் நகரும். முதல் குண்டு ஓரிடத்திலும் இரண்டாவது வேறிடத்திலும் போவதற்கு இது ஒரு காரணம். ஒருமுறை ஜீரோ செய்துவிட்டு (குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்துவிட்டு) இனி திருகைத் தொடப்போவதில்லை என்றால், கிளிக் அளவில் உள்ள பிழை உங்களைப் பெரிதாகப் பாதிக்காது. திரும்பி வராத ஸ்கோப்பை மட்டும் எந்த விலைக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வைஸில் இருக்கும்போதே உருப்பெருக்கத்தை 3இலிருந்து 9வரை மாற்றி, குறுக்குக்கோட்டின் மையம் நகர்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு ஸ்கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தி வேளையில் மரநிழலைப் பாருங்கள். டெக்சாஸில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுட அனுமதி உண்டு. மான் வெளியே வருவதும் அப்போதுதான். 40 மி.மீ. வில்லையை 9 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 4.4 மி.மீ.; 6 மடங்குக்கு இறக்கினால் 6.7 மி.மீ. மங்கல் என்று ஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன் மடங்கைக் குறைத்துப் பாருங்கள். மழை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தலாம். மூடிகளுக்கு அடியிலிருந்து வரும் நாலைந்து குமிழிகள் பரவாயில்லை, தொடர்ந்து சரமாக வந்தால் அது ஒழுகுகிறது.

இவற்றில் தேறிய பிறகு ரைபிளில் பூட்டுங்கள். ரிங்குக்கும் (ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்திருக்கும் வளையம்) குழாய்க்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிட்டால், சுடச்சுட ஸ்கோப் வழுக்குகிறதா என்பது தெரிந்துவிடும்; பழி ஸ்கோப் மேல் விழுந்தாலும் பல நேரம் குற்றவாளி ரிங்தான். 100 கஜத்தில் மூன்று குண்டு சுட்டு, 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் மூன்று மூன்றாகச் சுடுங்கள். மொத்தம் 15 குண்டு. பக்கத்துக்குச் சுமார் 13 செ.மீ. உள்ள சதுரம் விழுந்து, கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேலேயே வந்து சேர வேண்டும்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். நான் ஆர்வத்தில் முதல் நாளே ரிங்கை முடுக்கிப் பூட்டிவிட்டு, பழுதைக் கண்ட பிறகு கழற்றிக் கொண்டுபோனேன். குழாயில் ரிங் பதிந்த தடத்தை விரலால் தடவிப் பார்த்த கடைக்காரர், பில் இருந்தும் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்.