தொட்டா மலருமா, தொடாமலே மலருமா?

கேள்வி: சார், ‘படகோட்டி’ படத்து ‘தொட்டால் பூ மலரும்’ பாட்டுல ஒரு டவுட்டு. பல்லவில ‘தொடாமல் நான் மலர்ந்தேன்’னு வருது, சரணத்துல பாத்தா கை தொடாம காதலே வராதுங்கறாங்க. வாலி கோட்டை விட்டுட்டாரா? அப்புறம் ‘நியூ’ படத்து ரீமிக்ஸ் பெஸ்ட்டா, பழசு பெஸ்ட்டா?
- வாசகி, தேனி

பதில்: வாலியாவது கோட்டை விடறதாவது! பல்லவியை கொஞ்சம் பிரிச்சு பாருங்க, ஒவ்வொரு வரியிலயும் முன்பாதி ஊருக்கே தெரிஞ்ச சங்கதி, தொட்டா பூ மலரும், சுட்டா பொன் சிவக்கும் (‘சுடச்சுடரும் பொன்’னு வள்ளுவரே சொல்லிட்டாரு), பின்பாதி மட்டும்தான் சொந்தக் கதை, தொடாமலே மலர்ந்துட்டேன், சுடாமலே கண்ணு சிவந்துடுச்சு. கண்ணு ஏன் சிவந்துச்சு? அதை சொல்லவே இல்ல பாருங்க, ராத்திரி தூக்கம் போச்சுன்னு நாமளா புரிஞ்சுக்க வேண்டியதுதான். ஆக தானா மலர்ந்தது ஆசை. அது காதலாகணும்னா நீ பக்கத்துல வந்தாதான் ஆகும்னு சரணத்துல ஒரு கொக்கி போடறாங்க. முரண்பாடெல்லாம் இல்லீங்க, வம்புக்கு இழுக்கறது!

‘நியூ’ல வர்றதை ரீமிக்ஸ்னு சொல்றதே தப்பு. ரீமிக்ஸ்னா பழைய மெட்டு இருக்கணும், 2007ல ‘அழகிய தமிழ் மகன்’ல ‘பொன்மகள் வந்தாள்’ வந்துச்சே, எம்எஸ்வி மெட்டு அப்படியே கேக்கும், அது ரீமிக்ஸ். 2004ல ரஹ்மான் இந்தப் பாட்டுக்கு வாலியோட வரிய மட்டும் வச்சுக்கிட்டு மெட்டையே புதுசா போட்டுட்டாரு.

1964ல விஸ்வநாதன்-ராமமூர்த்தி மெட்டுல டிஎம்எஸ்ஸும் சுசீலாவும் கைத்தட்டலுக்கு நடுவுல எதிரெதிரா நின்னு வாயாடற மாதிரி இருக்கும், ‘படாமல்’, ‘தொடாமல்’, ‘வராமல்’, ‘தராமல்’னு வந்து விழற வார்த்தைங்களே பாதி தாளத்தை போட்டுடும். ஹரிஹரன், ஹரிணி பாடறப்போ அதே ‘தொடாமல்’ காதுக்குள்ள சொல்ற ரகசியம் மாதிரி ஆயிடுது, கொஞ்சல் ஏறிடுச்சு, வாயாடல் காணாம போச்சு. புதுசை மட்டும் கேட்டிருந்தீங்கன்னா இந்த டவுட்டே உங்களுக்கு வந்திருக்காதுன்னு நெனைக்கறேன்.

என் ஓட்டு பழசுக்குத்தான். வீட்ல பொண்ணு புதுசு கட்சி, அதனால கார்ல போனா ரெண்டையும் கேட்டே ஆகணும்.