பேட்டரி ரம்பம் ஏன் பின்னால் எகிறுகிறது?

கேள்வி: வீட்டு வேலைக்காக 18 வோல்ட் பேட்டரி வட்ட ரம்பம் வாங்கினேன். 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டு நாற்காலிகளின் மேல் கிடத்தி நடுவில் அறுத்தால், பாதியில் பிளேடு சிக்கி, ரம்பம் என் பக்கமாக எகிறுகிறது. பேட்டரியும் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. ரம்பத்தில் கோளாறா?

பதில்: கோளாறு ரம்பத்தில் இருக்காது, நாற்காலிகளைத்தான் சந்தேகிக்கிறேன். இரண்டு முனைகளில் மட்டும் தாங்கிய பலகை, அறுக்க அறுக்க நடுவில் தொய்யும். அப்போது வெட்டிய பிளவின் மேல்வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். பிளேடின் கீழ்ப்பற்கள் முன்னோக்கிச் சுழல்பவை. கவ்விய பலகை நகராது என்பதால் ரம்பம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. மோட்டார் இந்தப் பிடியோடு மல்லுக்கட்டுவதில்தான் பேட்டரியும் காலியாகிறது.

தரையில் 50 மி.மீ. கனத் தெர்மகோல் அட்டைகளைப் பரப்பி, பிளைவுட் முழுவதையும் அதன்மேல் படுக்க வையுங்கள். வெட்டு முடியும்வரை இரு பாதிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். வெட்டின் ஆழத்தை 23 அல்லது 24 மி.மீ. அளவில் நிறுத்துங்கள், பலகைக்குக் கீழே ஒரு பல் உயரம் எட்டிப் பார்த்தால் போதும். பிளேடு முழுவதையும் இறக்கி அறுப்பது நம் ஊரில் பரவலான பழக்கம். கவ்வுவதற்கு அவ்வளவு இரும்பை மரத்துக்குக் கொடுப்பானேன்? (தெர்மகோல் உருண்டைகள் உடம்பெல்லாம் ஒட்டும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.)

பிளேடு மரத்தைத் தொடாத நிலையில் விசையை அழுத்தி, முழு வேகம் வந்தபின் உள்ளே செலுத்துங்கள். இரு கைகளாலும் பிடித்து, பிளேடின் நேர்கோட்டிலிருந்து சற்று விலகி நில்லுங்கள். வழியில் சத்தம் கம்மினால் விசையை விட்டு, பிளேடு நின்றபிறகே ரம்பத்தை எடுங்கள். சுழலும்போது பின்னால் இழுப்பதுதான் எகிறலை வரவழைக்கும். கீழ்க்காப்பு மூடி தானாகத் திரும்பி மூடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைத் துணியால் கட்டிவைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். கண்ணாடியும் முகக்கவசமும் வேண்டும். தொளதொள உடை வேண்டாம்.

மின்கம்பி ரம்பத்தில் பிளக்கைப் பிடுங்கினால் கதை முடிந்தது. இதில் மின்சாரம் கருவிக்குள்ளேயே குடியிருக்கிறது. பிளேடைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். மாட்டும்போது பிளேடின் அம்புக்குறியும் உறையின் அம்புக்குறியும் ஒரே பக்கம் காட்ட வேண்டும்.

பெரும்பாலும் கருவியோடு வரும் 24 பல் பிளேடு ரீப்பருக்கும் சட்டத்துக்கும் சரி. பிளைவுட்டின் விளிம்பு சிலும்பாமல் வர 40 பல் பிளேடு மாட்டுங்கள். அது மெதுவாகத்தான் போகும், அழுத்தித் தள்ளாதீர்கள். பற்கள் கீழிருந்து மேலே வெட்டுவதால் சிலும்பு மேல்முகத்தில்தான் எழும். லேமினேட் ஒட்டிய நல்ல முகத்தைக் கீழே பார்க்க வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையென்றால், பற்களில் பிசின் படிந்திருக்கிறதா, முனை மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 2 ஆம்பியர்-மணி (Ah) கொள்ளளவுள்ள பேட்டரி என்றால் தொடர்ந்து பிளைவுட் அறுக்க அது போதாது. 4 அல்லது 5 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்குங்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை ஆறவிட்டபின் சார்ஜரில் செருகுங்கள்.