எச்-இண்டெக்ஸும் மாத்திரை எண்ணியவரும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையில் இருந்து எழுதுகிறேன். கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் சென்னையில் காசநோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். வயது 39. இதுவரை 41 கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 14. என் மைத்துனர் மகன் ஒரு பல்கலைக்கழகத்தில் நானோ பொருட்களில் ஆராய்ச்சி செய்கிறான். இவளைவிட நாலு வயது இளையவன். 230 கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 46. உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் அவன் பெயர் வந்து, ஊரில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். மகளின் கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன், எண் நகர்வதே இல்லை. கேட்டால் போனை வைத்துவிடுகிறாள். பாதிக் கட்டுரைகளில் இருபது முப்பது பேருக்கு நடுவில்தான் அவள் பெயர் வருகிறது. இவள் பின்தங்கிவிட்டாளா? காசு கட்டிப் போடுகிற ஆய்விதழ்களுக்கு அனுப்பச் சொல்லலாமா? தமிழில் ஏன் இப்படிப்பட்ட ஆய்விதழ்கள் இல்லை?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சார்,

கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளின் பக்கத்தைத் தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ரேங்க் கார்டு எழுதிப் பழகிய கை ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மறுக்கிறது. 39 வயதுப் பெண்ணிடம் மார்க் கேட்டால் அவள் போனை வைக்காமல் வேறு என்ன செய்வாள்?

எச்-இண்டெக்ஸ் என்ன என்று கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 14 என்றால், அவள் எழுதியதில் 14 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 14 முறை, பிற கட்டுரைகளில் மேற்கோளாக வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆயிரம் முறை வந்திருந்தாலும் அந்த எண் அசையாது. 2005இல் கலிபோர்னியாவில் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் போட்டுக்கொடுத்த கணக்கு இது. துறைக்குத் துறை எண் மாறும் என்று அவரே அப்போது சொல்லியிருக்கிறார். நானோ துகளைச் செய்து சோதித்துச் சில மாதங்களில் கட்டுரை எழுதிவிடலாம். காசநோயாளி வழக்கமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு முடிக்க வேண்டும். அப்புறம் நோய் திரும்புகிறதா என்று ஒன்றிரண்டு வருஷம் பார்க்க வேண்டும். அதற்குள் பாதிப்பேர் வேலை தேடித் திருப்பூருக்குப் போயிருப்பார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதைக் கழித்துப் பார்க்கிறீர்கள்?

பிளெக்ஸ் விஷயம். அந்தப் பட்டியல் ஸ்டான்போர்டில் இருக்கும் ஜான் அயோனிடிஸ் தலைமையில், யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி வைக்கும் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தை வைத்துக் கணக்கிட்டு வெளியிடப்படுவது. யாரும் உட்கார்ந்து கட்டுரைகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒருவர் தன்னைத்தானே எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார் என்ற கட்டமும் அதில் உண்டு. பிளெக்ஸ் அடிக்கிறவர்கள் அந்தக் கட்டத்தை அடிப்பதில்லை. நம் பக்கத்து மொய் விருந்து உங்களுக்குத் தெரியாததா? புதுக்கோட்டைப் பக்கம் ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, நோட்டில் பெயர் எழுதி வாங்குவார்கள். வாங்கியவர் அடுத்த முறை கூட்டி வைத்தாக வேண்டும். ஆராய்ச்சியிலும் அப்படியொரு நோட்டு ஓடுகிறது. நீ என்னுடையதைக் குறிப்பிடு, நான் உன்னுடையதைக் குறிப்பிடுகிறேன். மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையைத் திருப்பி அனுப்பி, ‘என்னுடைய இந்த நாலு கட்டுரைகளையும் சேர்த்தால் நன்றாக இருக்கும்’ என்று குறிப்பு எழுதுகிற பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள். உங்கள் மைத்துனர் மகன் அப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல பையனாகவே இருக்கட்டும். அவனை விட்டுவிடுங்கள், உங்கள் மகளுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், உங்கள் மகள் எடுத்துக்கொண்டிருப்பது காசநோய். கொஞ்ச நாளாகவே என் மண்டையில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நாலும் சேர்ந்து செய்த காரியம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வழிநடத்தினார். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுத்தே கிடப்பது. நாட்டில் இருந்த நோயாளிகளுக்குக் கட்டில் போட ஆரம்பித்தால் எந்த அரசாலும் முடியாது. அதனால் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி அவரவர் வீட்டுக்கு. இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் அதே மருந்து, ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டும். வீட்டில் இருந்தவர்கள் சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டுக்கொண்டு, முடிந்தபோது வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் அந்தக் கட்டுரை வந்தது. வீட்டில் இருந்த மற்றவர்களை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. 1962இல் வந்த தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பித்தான் வந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதில் சேத்துப்பட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் கட்டுரையை எழுதியவர் யார் தெரியுமா, சார்? ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘காசநோய் வேதிச்சிகிச்சை மையம், மெட்ராஸ்’ என்று இருக்கிறது. ஒரு ஆள் பெயர்கூட இல்லை. யாருடைய எச்-இண்டெக்ஸிலும் அது ஒன்றாகக்கூடச் சேராது.

அதே 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே, காலரா கிருமி வெளிவிடும் நச்சுதான் ஆளைக் கொல்கிறது என்று நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். பல வருஷம் யாரும் சட்டை செய்யவில்லை. இந்திய அறிவியல் கழகங்களில் ஒன்றுகூட அவரை உறுப்பினராக எடுத்துக்கொள்ளவில்லை. 1985இல் அவர் இறந்தார். மறு வருஷம் அவரைப் பற்றி நீளமாக எழுதியவர் யூஜின் கார்ஃபீல்ட். இந்த மேற்கோள் கணக்கு எல்லாவற்றுக்கும் மூலபுருஷன் அவர்தான்.

என் அத்தை கதைக்கு வருகிறேன். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அறுபதுகளின் கடைசியில் இருமலில் ரத்தம் வந்தது. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பத்தா அவரைத் தோட்டத்துப் பக்கம் விறகு போடும் தாழ்வாரத்தில் படுக்க வைத்தார். தனித் தட்டு, தனி டம்ளர், எங்களுக்கு அந்தப் பக்கம் போகத் தடை. மாதம் ஒருமுறை காரைக்குடிக்குப் போய் மாத்திரை வாங்கி வர வேண்டும். நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஹெல்த் விசிட்டர் ஒருவர் சைக்கிளில் வருவார். காக்கி அரைக்கால் சட்டை, கேரியரில் கட்டிய ரெஜிஸ்டர். வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். மாத்திரை டப்பாவை வாங்கித் திண்ணையில் துண்டை விரித்துக் கொட்டி, சிகரெட் அட்டையால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவார். இருக்க வேண்டியதைவிட நாலு கூடுதலாக இருந்தால் அத்தை தலையைக் குனிந்துகொள்வார். குமட்டுகிறது என்பார். அவர் திட்டமாட்டார், ரெஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்.

ஒருநாள் தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டு அப்பத்தாவிடம்தான் சத்தம் போட்டார். ‘ஆத்தா, இந்தப் புள்ளைய எதுக்கு வெறகோட போட்டுருக்கீக? மெட்ராசுல அஞ்சு வருசம் பாத்துட்டாக. மருந்து ஒழுங்காத் தின்னா வீட்டுல மத்தவுகளுக்குக் கூடுதலா ஒண்ணும் வரலையாம். உள்ள கூட்டிட்டுப் போங்க.’ அப்பத்தாவுக்கு மெட்ராஸும் தெரியாது, அஞ்சு வருஷமும் தெரியாது. காக்கிச் சட்டைக்காரர் சொல்கிறார் என்று அன்று சாயங்காலமே பாயை உள்ளே கொண்டுவந்து போட்டார். அத்தை அதற்கப்புறம் நெடுங்காலம் இருந்தார், என் கல்யாணத்துக்குச் சீடை சுற்றியவர் அவர்தான்.

அந்த விசிட்டர் திண்ணையில் நின்று சொன்னது மேற்கோள் இல்லையா, சார்? சேத்துப்பட்டு ஆய்வின் முடிவை ஒருவர் எங்கள் வீட்டில் சரியாகச் சொன்னார், அதனால் ஒருவர் பிழைத்தார். எந்த ஸ்கோபஸ் அதை எண்ணியது? மருத்துவ ஆய்வு போய்ச் சேர வேண்டிய இடம் இன்னொரு கட்டுரையின் அடிக்குறிப்பா, எங்கள் அப்பத்தாவின் காதா?

இப்போது நடுவில் வரும் பெயருக்கு வருவோம். மருத்துவக் கட்டுரைகளில் வழக்கமாக முதல் பெயர் வேலையைத் தோளில் சுமந்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது. நடுவில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். ராவும் பகலும் தரவைச் சலித்தவரும் இருப்பார், அறையைத் திறந்துவிட்டதற்காகப் பெயர் போட்டுக்கொண்ட துறைத் தலைவரும் இருப்பார். 2021இல் கொரோனா காலத்து அறுவை சிகிச்சை பற்றி வந்த ஒரு கட்டுரையில் 15,025 பேர் ஆசிரியர்கள். கின்னஸில் ஏறியது. உலக நோய்ச்சுமைக் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கில் பெயர்கள் வரும். அதில் ஒருவராக இருந்தாலே மேற்கோள் எண் தானாக ஏறும். சரி, ஏறட்டும். மாத்திரை எண்ணியவர் பெயர் எங்கே?

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் விதிப்படி, தரவு சேகரித்தால் மட்டும் ஒருவர் ஆசிரியர் ஆகிவிட முடியாது. கட்டுரையை எழுதவோ திருத்தவோ செய்திருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும், முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தெரியாத கிராமச் செவிலியர் இந்தக் கதவைத் தாண்டவே முடியாது. வெயிலில் வீடு வீடாகப் போய்ச் சளி டப்பா வாங்கி வந்தவருக்கு நன்றியுரையில் ஒரு வரி. அதிலும் பல நேரம் ‘களப்பணியாளர்களுக்கு’ என்று மொத்தமாக. கையெழுத்துப் போட்டவருக்கு ஆசிரியர் பட்டம். இந்த விதியை இழுத்து வளைத்து உள்ளே வந்தவர்களை எனக்குத் தெரியும். இந்த விதியைக் காட்டி வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் தெரியும். உங்கள் மகள் பெயருக்கு முன்னும் பின்னும் இருபது பேர் இருக்கிறார்களே, அவர்களில் யாராவது களத்தில் நின்ற செவிலியராக இருந்தால் அந்தக் கட்டுரைக்கு நான் எழுந்து நின்று கும்பிடுவேன்.

இன்றைக்கும் இதுதான் நடக்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ வந்தது. நோய் உறுதியானவுடன் எக்ஸ்ரேக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காமல் சில விஷயங்களைப் பார்க்கிறார்கள். எடையும் உயரமும், காலில் வீக்கம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா. ஆபத்து என்று தெரிந்தால் அப்போதே படுக்கையில் சேர்க்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சிஸ்டர், மெலிந்த கிழவர் ஒருவரைப் பார்த்து, ‘ஐயா, செவுத்த விட்டுட்டு நில்லுங்க பாப்போம்’ என்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிற்க முயன்றார், முழங்கால் ஆடியது. சிஸ்டர் உடனே போனை எடுத்தார். எந்தக் கட்டுரையின் எத்தனையாவது பக்கம் அது என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

சேத்துப்பட்டின் அந்தப் பழைய ஆய்வில் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை ஏறியதை மறந்துவிடாதீர்கள். 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளி வீட்டில் இருந்தவர்களுக்கு அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மாத்திரை வீட்டுக்கு வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் சோறு கணக்கில் வருகிறது. எங்கள் அப்பத்தா அன்றைக்கு முட்டைக்காக வெண்கலக் குத்துவிளக்கை விற்றார். அத்தைக்கு ஒரு முட்டை, எங்களுக்குப் பாதி.

காசு கட்டுகிற ஆய்விதழ் பற்றி மகளுக்கு நீங்கள் யோசனை சொல்லக் கூடாது. எது யோக்கியமானது, எது பணம் பிடுங்குவது என்று அவளுக்குத் தெரியும். தமிழ் ஆய்விதழ் பெரிய பேச்சு, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஒன்று செய்யுங்கள். அவள் கட்டுரைகளில் எது நல்லது என்று அவளே நினைக்கிறாளோ, அதை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பிரதி வரட்டும். ஆங்கிலம் கொஞ்சம் முரடாக இருக்கும், ஆனால் அட்டவணைகள் கணக்கு வாத்தியாருக்குப் புரியும். ஏதாவது ஓர் அட்டவணையில் மருந்தைப் பாதியில் விட்டுப் போனவர்கள் என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அடுத்த முறை போன் செய்யும்போது, அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். போனை வைக்கமாட்டாள்.

அன்புடன்.