தெர்மாமீட்டர் 150 டிகிரி காட்டியும் மிட்டாய் பல்லில் ஒட்டுவது ஏன்?

பெரும்பாலும் பாகு 150-ஐத் தொட்டிருக்காது. தெர்மாமீட்டர்தான் கூடுதலாகக் காட்டியிருக்கும். முனை பாத்திரத்தின் அடியில் பட்டால் பாகின் சூட்டை விட்டுவிட்டு உலோகத்தின் சூட்டைக் காட்டும். அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில், பாகுக்குள் நன்றாக மூழ்கி நிற்க வேண்டும். அரை கப் சர்க்கரையை அகன்ற வாணலியில் காய்ச்சினால் அதற்கு ஆழமே இருக்காது; குறுகிய, அடிகனமான பாத்திரம் எடுங்கள்.

முதலில் கருவியைச் சோதியுங்கள். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்து, வரும் எண்ணோடு 50-ஐக் கூட்டுங்கள். கெட்டி மிட்டாய்க்கு அதுவே உங்கள் இலக்கு. 104 காட்டினால் 154 வரை காய்ச்ச வேண்டும். ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93-லேயே கொதிக்கும். அங்கே 143 போதும். கருவியின் பிழை, ஊரின் உயரம் இரண்டும் இந்தக் கணக்கிலேயே சரியாகிவிடும்.

110 வரை பாகு ஆமை வேகத்தில் ஏறும். தண்ணீர் வற்றியதும் சரசரவென ஏறும். அப்போது தீயைக் குறைத்து, இலக்குக்கு 2 டிகிரி முன்பே அணைத்துவிடுங்கள். பாத்திரத்தின் சூடு மீதியை ஏற்றிவிடும். துப்பாக்கி வடிவ அகச்சிவப்புக் கருவி இதற்கு வேண்டாம், அது மேல்பரப்பை மட்டுமே அளக்கும்.

கடலை மிட்டாய்க்கான வெல்லப் பாகில் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வெல்லத்துக்கு வெல்லம் ஈரமும் சேர்மானமும் மாறும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்து ஒடியுங்கள். வளைந்தால் இன்னும் காய வேண்டும். ‘டக்’கென்று கண்ணாடி போல் ஒடிந்தால் கடலையைக் கொட்டலாம்.