வன்னியிலிருந்து வெளிநாட்டு ஒப்பந்த வேலை: லிங்க்ட்இன் குறித்த கேள்விகளும் பதில்களும்

வவுனியாவில் இருந்தபடி வெளிநாட்டுக் கணக்கியல் நிறுவனங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் கணக்குகளைப் பேணிக் கொடுப்பது என் தொழில். அந்த வேலைகளில் பெரும்பாலானவை, தொழில் தொடர்புகளுக்கான இணையத்தளமான லிங்க்ட்இனில் ஏற்பட்ட அறிமுகங்களால் வந்தவை என்பதால், அதுபற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கிளிநொச்சி: அக்கா, அறிவியல் நகரில் குடிசார் பொறியியல் படித்து முடித்தேன். லிங்க்ட்இனில் வரும் வேலை அறிவித்தல்களுக்கு நாள்தோறும் விண்ணப்பிக்கிறேன். ஒருவரும் பதில் எழுதுவதில்லை. எங்கே பிழை விடுகிறேன்?

தம்பி, அந்த அறிவித்தல்களில் பெரும்பாலானவை நிரந்தர ஊழியர்களைத் தேடுபவை. சிறிய ஒப்பந்த வேலைகள் அறிவித்தலாக வெளிவரும் முன்பே கைமாறிவிடுகின்றன. நான்கைந்து பேரோடு நடக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை குவியும்போது, அதன் உரிமையாளருக்கு விண்ணப்பங்களைப் படித்துக்கொண்டிருக்க நேரம் இராது. ஏற்கெனவே தன் கண்ணில் பட்டு, இன்ன வேலை செய்பவர் என்று மனதில் பதிந்த ஒருவருக்கே செய்தி அனுப்புவார். அப்படிப் பதிய வேண்டுமானால், உங்கள் பெயருக்குக் கீழே வரும் 220 எழுத்துகளுக்குள் அடங்கும் அந்த ஒற்றை வரியை மாற்றுங்கள். ‘பொறியியல் பட்டதாரி, வேலை தேடுகிறேன்’ என்பதில் உங்கள் தேவை மட்டுமே தெரிகிறது. ‘பிரித்தானியக் கட்டட ஒப்பந்தகாரர்களுக்கு வரைபடங்களிலிருந்து அளவுப் பட்டியல் தயாரித்துக் கொடுப்பவர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், அந்த வேலை தேவைப்படுபவரின் தேடலில் அகப்படுவீர்கள். அதன்பின் ஒரு சிறு வீட்டின் வரைபடத்தை நீங்களே வரைந்து, பிரித்தானியாவில் வழக்கிலுள்ள என்ஆர்எம் 2 அளவீட்டு விதிகளின்படி அதற்கு அளவுப் பட்டியல் (கட்டத் தேவையான வேலைகளையும் பொருள்களையும் அளவோடு காட்டும் பட்டியல்) தயாரித்து, உங்கள் பக்கத்தில் மாதிரியாக வையுங்கள். முன்பு வேலை செய்த இடத்தின் கோப்புகளை மட்டும் ஒருபோதும் மாதிரியாகக் காட்டக்கூடாது; அதைப் பார்க்கும் எவரும் நாளை தன் கோப்பும் இப்படி வெளியே போகும் என்றே எண்ணுவார்.

முல்லைத்தீவு: குயிக்புக்ஸ், சீரோ என்ற கணக்கியல் மென்பொருள்கள் இரண்டிலும் கணக்கெழுதப் பழகியிருக்கிறேன். யாருக்கு, எப்போது, என்ன எழுதுவது?

பெரிய நிறுவனங்களை விடுங்கள். பத்துப் பேருக்கு உட்பட்ட கணக்கியல் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கே எழுதுங்கள். எப்போது எழுதுவது என்பதில் பலர் கவனம் செலுத்துவதில்லை. ஆனால் என் அனுபவத்தில் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது. பிரித்தானியாவில் தனிநபர் வரி விவரத்தை இணையவழியில் சமர்ப்பிக்கும் இறுதி நாள் ஜனவரி 31. ஆகவே அங்குள்ள சிறு நிறுவனங்கள் மார்கழியிலும் தையிலும் மூச்சுவிட நேரமின்றி இருக்கும். அந்த நேரத்தில் புதியவர் ஒருவரைப் பழக்கியெடுக்க எவராலும் முடியாது. ஓகஸ்ட், செப்டெம்பரில் எழுதுபவருக்கே ஒரு சிறு வேலையைக் கொடுத்துப் பார்க்க அவர்களுக்கு அவகாசம் இருக்கும். கனடாவில் பெரும்பாலான தனிநபர்களுக்கு ஏப்ரல் 30 இறுதி நாள் என்பதால் அங்கே முந்திய ஐப்பசி, கார்த்திகையில் எழுத வேண்டும். அவுஸ்திரேலியாவின் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. அங்கே பங்குனி, சித்திரை பொருத்தமான காலம்.

இலவசக் கணக்கில் இணைப்பு வேண்டுகோளோடு சேர்த்து அனுப்பும் குறிப்புகளுக்கு வரம்பு உண்டு. எனவே முதலில் அவர் எழுதும் பதிவுகளைச் சில வாரங்கள் வாசித்து, சொல்வதற்கு உண்மையாகவே ஏதேனும் இருக்கும் இடத்தில் கருத்து எழுதுங்கள். இணைந்த பிறகு அனுப்பும் செய்தியில், நீங்கள் செய்யும் வேலை, பயன்படுத்தும் மென்பொருள், ஒரு வாரத்தில் ஒதுக்கக்கூடிய நேரம் ஆகியவற்றைக் கூறி, நிலுவையில் கிடக்கும் ஒரு வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிணக்கத்தை (வங்கிக் கூற்றையும் கணக்கேட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை) செய்து காட்டலாமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: அக்கா, மாமா ரொறன்ரோவில் கட்டடத் துறையில் இருக்கிறார். அவரிடம் வேலை கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

தங்கச்சி, வேலை கேட்க வேண்டாம், அறிமுகம் கேளுங்கள். போரால் உலகெங்கும் சிதறிய நம் குடும்பங்களில், அங்கிருந்து பணம் வருவதும் இங்கிருந்து நன்றி போவதுமாகவே உறவு நெடுங்காலம் இருந்துவிட்டது. அதனால்தான் எதைக் கேட்டாலும் உதவி கேட்பதாகத் தோன்றுகிறது. மாமாவின் இணைப்புகளைப் பார்த்து, உங்கள் வேலைக்குப் பொருத்தமான ஒருவரைத் தெரிந்தெடுத்து, ‘மாமா, இவரோடு உங்களுக்குப் பழக்கம் உண்டா? இருந்தால் இந்த மூன்று வரிகளை அவருக்கு அனுப்பிவிடுவீர்களா?’ என்று, வரிகளையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அவருக்கு ஐந்து நிமிட வேலை; தகுதியைக் காட்டுவது உங்கள் பொறுப்பு.

மாங்குளம்: மகள், என் மகன் தன் இடத்தைக் கொழும்பு என்று போட்டிருக்கிறான். மாங்குளம் என்றால் மதிக்கமாட்டார்களாம்.

ஐயா, மாற்றச் சொல்லுங்கள். லண்டனில் இருப்பவருக்குக் கொழும்பும் மாங்குளமும் ஒன்றுதான். ஆனால் சொன்னது பொய் என்று தெரிந்தால் அதன்பின் அவர் எதையும் நம்பமாட்டார். அவருக்குப் பயன்படும் செய்தி நேர வித்தியாசமே. குளிர்காலத்தில் நாம் லண்டனை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அவர் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே பிற்பகல் இரண்டரை. முந்திய நாள் மாலை அவர் அனுப்பியதை அதற்குள் முடித்து வைக்கலாம் என்பதைத் தன் பக்கத்தில் எழுதட்டும். மின்தடைக்கும் இணையத் தடைக்கும் என்ன மாற்று ஏற்பாடு உண்டு என்பதையும் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பூநகரி: லிங்க்ட்இனில் அறிமுகமான ஒருவர் டெலிகிராமுக்கு வரச்சொல்லி, பயிற்சிக்கென்று முற்பணம் கேட்கிறார்.

ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். வேலை தருபவர் பணம் கொடுப்பார், கேட்கமாட்டார். அவருடைய பக்கத்தில் கணக்கு எப்போது திறக்கப்பட்டது என்ற விவரம் இருக்கும். அண்மையில் திறந்ததாக இருந்தால் உடனே முறைப்பாடு செய்யுங்கள்.

நெடுங்கேணி: பணம் எப்படி வரும்? வரி கட்ட வேண்டுமா?

பேயோனியர் என்ற இணையவழிப் பணச் சேவை வழியாகவோ, வங்கிக்கு நேரடியாக ஸ்விஃப்ட் என்ற வங்கிகளுக்கிடையிலான முறையிலோ பெறலாம். தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றை உங்கள் வங்கியில் திறந்துகொண்டால் டொலரையோ பவுணையோ அப்படியே வைத்திருக்க முடியும். முதல் வேலைக்கு ஒரு பகுதியை முற்பணமாகக் கேளுங்கள்; வேலையின் எல்லை, தொகை, பணம் தரும் நாள் மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி அவருடைய சம்மதத்தைப் பெற்ற பின்பே தொடங்குங்கள்.

வரியைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டவருக்குச் செய்யும் சேவைக்காக வெளிநாட்டு நாணயத்தில் ஈட்டி வங்கி வழியாக நாட்டுக்குள் கொண்டுவரும் வருமானத்துக்கு உச்ச வரி 15 வீதம். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான தனிநபர் விலக்கு அதற்கு முன்பே கழிக்கப்படும். வங்கியைத் தவிர்த்து, உண்டியல்காரர் வழியாகப் பெற்ற பணத்துக்கு இந்தச் சலுகையைக் கோர முடியாது. ஆகவே ஒவ்வொரு விலைப்பட்டியலையும் அதற்குரிய வங்கிச் சிட்டையோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருங்கள்.