கன்ட்ரி ரசிகர் முதலில் எதைப் பார்க்கிறார்?

கேள்வி: அமெரிக்கக் கன்ட்ரி இசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். முகத்தில் பச்சை குத்தியவரோ, இரட்டைப் பின்னல் போட்ட ஆணோ மேடையேறினால், பழைய பாணியை விரும்பும் ரசிகர்கள் அவரை ஏற்பார்களா? குரல் நன்றாக இருந்தால் போதும், தோற்றம் ஒரு பொருட்டே இல்லை என்கிறார் என் நண்பர். தொப்பியும் பூட்ஸும் இல்லாதவர் அங்கே எடுபட மாட்டார் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

பதில்: தோற்றம் ஒரு பொருட்டே இல்லை என்ற உங்கள் நண்பரின் கூற்றுக்கு இந்த இசையின் வரலாறு இடம் தரவில்லை, தொப்பியும் பூட்ஸும் இல்லாதவர் எடுபட மாட்டார் என்ற உங்கள் கூற்றுக்கோ அது இன்னும் குறைவாகவே இடம் தருகிறது. மரபான கன்ட்ரி ரசிகர் மேடையேறுபவரை மேலும் கீழும் பார்க்கத்தான் செய்கிறார். இவர் பாடப்போகும் வாழ்க்கையை இவர் வாழ்ந்திருக்கிறாரா, அல்லது அப்படி வாழ்பவர்களை மதிக்கவாவது செய்கிறாரா என்பதைத்தான் அவர் அந்தத் தோற்றத்தில் தேடுகிறார். அதற்கு நம்பத்தகுந்த விடை கிடைத்துவிட்டால், தலைமுடியின் நீளம் இரண்டாவது பாட்டுக்குள் மறந்துபோகிறது. கிடைக்காவிட்டால் எவ்வளவு பெரிய தொப்பியும் காப்பாற்றுவதில்லை.

மரபான தோற்றம் என்று நாம் நினைப்பது எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் 1925இல் தொடங்கி, 1927இல் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற பெயரைப் பெற்ற நிகழ்ச்சியின் முதல் தலைமுறைக் கலைஞர்கள், படம் எடுத்துக்கொள்ளும்போது கோட்டும் டையுமாக நின்றவர்கள். அவர்களில் முக்கியமானவரான ஹம்ஃப்ரி பேட், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் படித்த மருத்துவர். நிகழ்ச்சியை நடத்திய ஜார்ஜ் ஹே, நாட்டுப்புறச் சாயல் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இவர்களைப் பண்ணையாட்களின் உடையில் நிறுத்தி, பேட்டின் குழுவுக்கு ‘பாஸம் ஹன்டர்ஸ்’ (பாஸம் என்ற சிறு விலங்கை வேட்டையாடுவோர்) என்று ஒரு காட்டுப் பெயரையும் சூட்டினார். கௌபாய் தொப்பி அதற்கும் பிறகு, 1930களில் ஜீன் ஆட்ரி போன்றோர் பாடி நடித்த ஹாலிவுட் படங்களின் வழியாகப் பரவியது. தென்கிழக்கு மலைநாட்டில் பிடில் வாசித்த குடியானவர்களுக்கும் அந்தத் தொப்பிக்கும் அதிகத் தொடர்பில்லை. 1940இல் ஓப்ரியில் சேர்ந்த மின்னி பெர்ல், 1.98 டாலர் என்ற விலைச்சீட்டு தொங்கும் தொப்பியோடு வெள்ளந்தியான கிராமத்துப் பெண்ணாக மேடையேறிப் பல பத்தாண்டுகள் சிரிக்க வைத்தார். அவரோ வசதியான குடும்பத்தில் பிறந்து, கல்லூரியில் நாடகம் பயின்றவர். ஆக, இன்று மரபென்று காவல் காக்கப்படும் கோலத்தில் பெரும்பகுதி, வானொலி நிர்வாகியும் சினிமாவும் மாட்டிவிட்ட வேடம்தான்.

தோற்றத்தால் ஏற்பட்ட மோதல் என்றால் எல்லோரும் சுட்டிக்காட்டுவது 1968ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை. பேர்ட்ஸ் என்ற ராக் குழு, பாடகர் கிராம் பார்சன்ஸ் அதில் சேர்ந்திருந்த காலத்தில், ஓப்ரியின் இருப்பிடமாக இருந்த ரைமன் அரங்கில் பாட வந்தது. அந்த நிகழ்ச்சிக்காக அவர்கள் முடியைக் குறைத்துக்கொண்டிருந்தும், கூட்டத்திலிருந்து கேலியும் கூச்சலும் எழுந்தன. இதைச் சொல்பவர்கள் பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அன்று ஓப்ரிக்காரர்களை உண்மையில் சினம் கொள்ளச் செய்தது, கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டின் பாட்டு வரப்போகிறது என்று அறிவிக்கப்பட்ட பிறகு, பார்சன்ஸ் தம் விருப்பப்படி அதை மாற்றி, தாமும் இன்னொருவரும் சேர்ந்து எழுதியதொரு பாட்டைப் பாடியதுதான். முடிக்காக வந்த கேலி அன்றோடு போயிற்று. வீட்டுக்கு வந்த விருந்தாளி வீட்டுக்காரரின் சொல்லை மீறினார் என்ற மனத்தாங்கல் நெடுநாள் நின்றது.

இதற்கு மாறாகப் பாடகர் வில்லி நெல்சனைப் பாருங்கள். 1960களின் நாஷ்வில்லில் அவர் குட்டை முடியும் கோட்டுமாக, ஒழுங்கான தோற்றத்தில் இருந்தார். பேட்ஸி கிளைன் 1961இல் பாடிப் புகழ்பெற்ற ‘கிரேஸி’யை எழுதியவர் என்ற மதிப்பு இருந்ததே தவிர, அவர் சொந்தக் குரலில் வந்த இசைத்தட்டுகள் சுமாராகவே விற்றன. டெக்சாஸுக்குத் திரும்பி, ஆஸ்டின் நகரில் முடி வளர்த்து, தாடி விட்டு, பின்னர் பின்னலும் போட்டுக்கொண்ட பிறகுதான் அவர் உச்சத்துக்குப் போனார். 1972இல் அவர் பாடத் தொடங்கிய ஆர்மடில்லோ அரங்கில் ஹிப்பி இளைஞர்களும் மாட்டுப் பண்ணைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் நின்று கேட்டதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஆனால் 1975இல் அவருக்குக் கன்ட்ரி பட்டியலின் முதல் இடத்தைப் பெற்றுத் தந்த பாட்டு எது? 1940களில் ஃபிரெட் ரோஸ் எழுதி, ஓப்ரியின் பெருந்தலையான ராய் ஆகஃப் பாடிய ‘புளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெய்ன்’. வாத்தியக் கூட்டம் ஏதுமின்றி, கிட்டாரும் குரலும் முன்னால் நிற்க அவர் அதைப் பாடினார். கோலத்தில் கலகக்காரராகத் தெரிந்தவர் பாட்டில் நாஷ்வில்லின் பெரிய கம்பெனிகளைவிடப் பழமைவாதியாக இருந்தார் என்பதை ரசிகர்களின் காது கண்டுகொண்டது. அடுத்த ஆண்டே அவரும் வேய்லன் ஜென்னிங்ஸும் மற்றவர்களும் சேர்ந்து பாடிய ‘அவுட்லாஸ்’ தொகுப்பு, பத்து லட்சம் பிரதிகளுக்குரிய பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கன்ட்ரி ஆல்பமாயிற்று. ஒரு கிளைச் செய்தி: நீண்ட முடி வளர்க்காத ஊரின் பெருமையை 1969இல் பாடி நாட்டையே இரண்டாகப் பிரித்த மெர்ல் ஹாகர்ட், பிற்காலத்தில் தாமே தாடியோடும் வளர்ந்த முடியோடும் வில்லியின் பக்கத்தில் நின்று பாடினார். யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை.

முகப் பச்சையைப் பற்றிக் கேட்டீர்கள். 2023இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் புதிய கலைஞருக்கான விருதை அளித்த ஜெல்லி ரோலின் முகமெங்கும் பச்சை குத்தியிருக்கிறது. ராப் பாட்டிலிருந்து வந்தவர். இளமையில் பலமுறை சிறைக்குப் போனவர். போதையையும் குற்ற உணர்வையும் மன்னிப்பையும் பற்றியே அவருடைய பாடல்கள் பேசுகின்றன. ஜானி கேஷ் 1968இல் ஃபோல்சம் சிறைக்குள் சென்று பாடிப் பதிவு செய்ததையும், மெர்ல் ஹாகர்ட் சான் குவென்டின் சிறையிலிருந்து வெளிவந்து பாடகரானதையும் தன் பெருமையாகக் கொண்ட ஓர் இசையில், அந்தப் பச்சைக் கோடுகள் அந்நியமாகத் தெரியவில்லை. அவர் பாடுவதற்கு அவை சாட்சியாக அமைந்துவிட்டன. இதே கோடுகள், காதலியோடு டிரக்கில் ஊர் சுற்றுவதை மட்டும் பாடும் ஒருவருடைய முகத்தில் இருந்திருந்தால் இவ்வளவு எளிதாகச் செல்லுபடியாகியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

கேள்வி: எளிய மக்களின் இசை என்று சொல்லிக்கொண்டே கண்ணைப் பறிக்கும் கல் பதித்த உடைகளை அணிகிறார்களே, இது முரண் இல்லையா?

பதில்: முரண்தான், ஆனால் ரசிகர்களே விரும்பிய முரண். இந்த உடைகளால் பெயர்பெற்ற தையற்கலைஞர் நூடி கோன், 1902இல் கீவ் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூதர். கலிஃபோர்னியாவில் கடை வைத்திருந்தவர். கன்ட்ரி நட்சத்திரங்களான ஹேங்க் வில்லியம்ஸுக்கும் போர்ட்டர் வேகனருக்கும் தைத்தவர் அவர்தான். வார நாள் முழுவதும் அழுக்கு உடையில் உழைத்தவருக்கு, சனிக்கிழமை இரவு தம் ஆள் ஒருவர் அரசரைப்போல மேடையில் நிற்பதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருந்தது. எனவே கன்ட்ரி ரசிகருக்கு ஆடம்பரம் ஒருபோதும் பகையாக இருந்ததில்லை. கிராம் பார்சன்ஸ் அதே கடையில், கஞ்சா இலையும் மாத்திரைகளும் பூவேலையாகப் பின்னிய வெள்ளைக் கோட்டுத் தைத்துக்கொண்டார். கடை ஒன்று, கல் ஒன்று, வேலைப்பாடு ஒன்று. ஆனால் அந்தக் கோட்டு யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறது என்பது வேறு, அதைப் பழைய ரசிகர் உடனே புரிந்துகொண்டார்.

கேள்வி: உடையையும் முடியையும் மன்னிக்கும் ரசிகர்கள், தோலின் நிறத்தையும் பெண்களின் தோற்றத்தையும் அதே தாராளத்தோடு ஏற்றார்களா?

பதில்: இல்லை. முதல் கேள்விக்கு நான் சொன்ன விடை, மாற்றிக்கொள்ளக்கூடிய தோற்றத்துக்கே முழுதாகப் பொருந்தும்.

சார்லி பிரைடின் தோற்றத்தில் மரபுக்கு மாறானது எதுவும் இல்லை: வெட்டிய முடி, கச்சிதமான உடை, பாட்டோ ஹேங்க் வில்லியம்ஸின் வழிவந்தது. ஆனால் அவர் கறுப்பர் என்பதால், 1966இல் ஆர்.சி.ஏ. கம்பெனி அவருடைய முதல் இசைத்தட்டுகளைப் புகைப்படம் இல்லாமலே வானொலி நிலையங்களுக்கு அனுப்பியது. அதே ஆண்டு டெட்ராய்ட் நகரில் ஒரு பெரிய நிகழ்ச்சியில் அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது எழுந்த கைதட்டல், அவர் வெளிச்சத்துக்கு வந்ததும் அடங்கிப்போனது. வெயிலில் நிரந்தரமாகக் கறுத்துவிட்டவன் என்று தம்மைப் பற்றித் தாமே நகைச்சுவையாகச் சொல்லி அவர் அந்த மௌனத்தைக் கலைத்தார். பிறகு பாடினார், கூட்டம் அவருடையதாயிற்று. 1971இல் அவர் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டின் சிறந்த கலைஞர். இதை ரசிகர்களின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். என் கருத்து சற்று வேறு: வெள்ளைக்காரப் பாடகர் எவரும் தம் தோலுக்கு விளக்கம் சொல்லிவிட்டுப் பாட வேண்டிய நிலையில் இருந்ததில்லை. ஓப்ரியின் தொடக்கக் கால நட்சத்திரங்களில் ஒருவரான கறுப்பின மவுத் ஆர்கன் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி 1941இல் வெளியேற்றப்பட்டார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2005இல்தான், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து.

பெண்களுக்கு வேறொரு விதி. டாலி பார்ட்டனின் உயர்ந்த பொன்னிறப் பொய்முடியும் அடர்ந்த ஒப்பனையும் எவ்வளவு மிகையானாலும் ஏற்கப்பட்டன. ஊரில் எல்லோரும் இகழ்ந்த, தம் கண்ணுக்கு மட்டும் அழகாகத் தெரிந்த ஒரு பெண்ணைப் பார்த்தே அந்தக் கோலத்தை அமைத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். எதிர்த்திசையில் சென்றவருக்கு அந்தச் சலுகை இல்லை. கனடாவிலிருந்து வந்த கே.டி. லாங், குறுக வெட்டிய முடியோடும் ஒப்பனையற்ற முகத்தோடும் ஆண்சாயலில் பாடினார். அவருடைய இசையில் குறை காண முடியாது: பேட்ஸி கிளைனின் பதிவுகளை உருவாக்கிய ஓவன் பிராட்லியே அவருடைய 1988ஆம் ஆண்டு ஆல்பத்தை உருவாக்கினார், அதில் கிட்டி வெல்ஸும் லொரெட்டா லின்னும் உடன் பாடினார்கள். மூத்தவர்கள் இப்படி அரவணைத்துக்கொண்டும், அடுத்த ஆல்பம் கிராமி விருது பெற்றும், கன்ட்ரி வானொலி அவரைச் சொற்பமாகவே ஒலிபரப்பியது. 1990இல் இறைச்சி உண்பதற்கு எதிரான விளம்பரத்தில் அவர் தோன்றியதும், மாட்டுப் பண்ணை மாநிலங்களின் சில நிலையங்கள் அவரை அடியோடு நிறுத்தின. சில ஆண்டுகளில் அவரே பாப் இசைக்குப் போய்விட்டார். அரங்கில் உட்கார்ந்து கேட்பவர் மனம் மாறுவதற்கு ஒரு பாட்டின் நேரம் போதும். அந்த மூன்று நிமிடம் கிடைக்குமா என்பதை முடிவு செய்யும் வானொலி நிர்வாகியோ, ரசிகர் முகம் சுளிப்பார் என்று தாமே ஊகித்துக்கொண்டு கதவை முன்கூட்டியே சாத்திவிடுகிறார். பல சமயங்களில் ரசிகர்களின் பெயரில் எழுதப்படும் குற்றம் இவர்களுடையது.

கேள்வி: டெக்சாஸில் படிக்கும் தமிழ் மாணவன் நான். பெடல் ஸ்டீல் கிட்டார் (உட்கார்ந்து, கிடைமட்டமாக வைத்து, மிதிகளோடு வாசிக்கும் கிட்டார்) வாசிக்கிறேன். நடன அரங்குகளில் பழைய கன்ட்ரி வாசிக்கும் ஒரு குழு என்னை அழைத்திருக்கிறது. இடுப்புவரை முடி, மூக்கில் வளையம், நகங்களில் கறுப்புச் சாயம். மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: முடியை வெட்ட வேண்டாம், வாசிக்கும்போது கட்டிக்கொள்ளுங்கள், அவிழ்ந்து விழுந்தால் கம்பிகளில் சிக்கும். நகச் சாயம், கம்பியை மீட்ட விரல்களில் மாட்டும் பிக்குகளில் பாதி மறைந்துவிடும். மூக்கு வளையத்தைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

பக்கவாத்தியக்காரருக்கு இந்த இசையில் ஒரு வசதி உண்டு. அவர் உட்கார்ந்து, குனிந்து வாசிக்கிறார். கதை சொல்லும் பொறுப்பு முன்னால் நிற்பவருடையது. க்ரீன் ஹால், ஆஸ்டினின் புரோக்கன் ஸ்போக் போன்ற இடங்களுக்கு வருகிறவர்கள் முதலில் ஆடுவதற்காகவே வருகிறார்கள். டூ-ஸ்டெப், வால்ட்ஸ் என்ற ஜோடி நடனங்களுக்குத் தாளம் வழுவாமல் நின்றால், பாடகர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் உங்கள் ஸ்டீல் பேசினால், அவர்களுக்கு நீங்கள் வேண்டியவராகிவிடுவீர்கள். பாடகரின் வரிமேல் வாசித்துத் தள்ளும் ஸ்டீல்காரரை, தலைமுதல் கால்வரை மரபாக உடுத்திருந்தாலும் மறுமுறை கூப்பிட மாட்டார்கள். கன்ட்ரியின் தனி அடையாளமாகிவிட்ட அந்த ஸ்டீல் ஒலியே ஹவாய்த் தீவுக்காரர்கள் கொண்டுவந்தது என்பதை, யாராவது உங்களை அந்நியர் என்று பார்த்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

உங்கள் விஷயத்தில் முடியைவிட நிறமே சிலர் கண்ணில் முதலில் படலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதே டெக்சாஸிலிருந்து, மெக்சிக வம்சாவளியினரான ஜானி ராட்ரிகஸும் ஃப்ரெடி ஃபெண்டரும் 1970களில் கன்ட்ரி பட்டியலின் முதல் இடத்தை எட்டினார்கள். ஃபெண்டர் 1975இல் அதை எட்டியபோது பாதிப் பாட்டை ஸ்பானிய மொழியில் பாடினார். பாதை திறந்தே இருக்கிறது, ஆனால் எல்லாக் கூட்டமும் ஒன்றுபோல் இராது.

உடை குறித்துக் குழுத் தலைவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எல்லோரும் முத்துப் பொத்தான் வைத்த மேற்கத்தியச் சட்டை அணிவது அவர்கள் வழக்கமானால் நீங்களும் அணிவது மரியாதை. அப்படி ஒரு வழக்கம் இல்லையென்றால் நீங்களாகத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கன்ட்ரி பாடகர் ரே பிரைஸின் 1950களின் பாடல்களிலிருந்து ஷஃபிள் தாளத்தை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், ஏனெனில் இரவின் முதல் கால்மணி நேரத்திலேயே யாராவது ஒருவர் அதைக் கேட்பார்.